கார் மோதிவிட்டது, அடுத்து என்ன? வடசென்னையில் கார் ஓட்டுபவர்களுக்கு இன்சூரன்ஸ் கிளைம் வழிகாட்டி

எண்ணூர் விரைவுச் சாலை, மணலி சாலை, ஜி.என்.டி. ரோடு, மாதவரம் 200 அடி சாலை என்று எங்கே போனாலும் கன்டெய்னர் வண்டிகளோடு சேர்ந்துதான் ஓட்ட வேண்டியிருக்கிறது. முதல் கார் வாங்கியவர்களுக்கு வருடா வருடம் பிரீமியம் கட்டத் தெரியும். கட்டிய இன்சூரன்ஸிடமிருந்து பணம் வாங்குவது எப்படி என்று மட்டும் யாரும் சொல்லித்தருவதில்லை. கிளைம் குறைவதும் நிராகரிக்கப்படுவதும் பெரும்பாலும் முதல் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. எடுக்காமல் விட்ட ஒரு போட்டோ, வரிசை மாறிச் செய்த ஒரு வேலை, மூன்று காகிதத்தில் மூன்று விதமாக எழுதிய ஒரு விவரம் போதும். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

இதைப் படித்ததும் உங்கள் பாலிசியைத் திறந்து ஒரு விஷயத்தைப் பாருங்கள். புதுக் காருக்கு மூன்று வருட இன்சூரன்ஸ் போட்டிருப்பதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மூன்று வருடம் பெரும்பாலும் மூன்றாம் தரப்பு பாதுகாப்புக்கு மட்டும்தான். உங்கள் காரின் சேதத்துக்கான ‘ஓன் டேமேஜ்’ பகுதி ஒரே வருடத்தில் முடிந்திருக்கலாம். பாலிசியில் இரண்டு காலாவதித் தேதிகள் தனித்தனியாக அச்சாகியிருக்கும். ஓன் டேமேஜ் தேதி தாண்டியிருந்தால், நீங்கள் இடித்த எதிராளிக்குத்தான் பணம் போகும். உங்கள் காருக்கு ஒரு ரூபாய்கூட வராது.

1. முதலில் ஆட்கள், பிறகுதான் வண்டி

யாருக்காவது அடிபட்டிருந்தால் 108-க்கு அழையுங்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனைதான் அருகில். விபத்தில் காயமடைந்தவர்களுக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சையை ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் தமிழ்நாடு அரசு ஏற்கிறது. இத்திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் உண்டு. பணத்துக்குப் பயந்து யாரும் தாமதிக்க வேண்டாம்.

காயம்பட்டவருக்கு சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வது, 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தகவல் சொல்வது, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது ஆகிய மூன்றும் மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆம் பிரிவின்படி ஓட்டுநரின் கடமை. கூட்டம் சேர்ந்து கைகலப்பாகும் என்று தோன்றினால் அங்கேயே நிற்க வேண்டியதில்லை. அதே சட்டப்பிரிவு அதற்கு விலக்கு தருகிறது. அப்போது நேராக அருகிலுள்ள ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வீட்டுக்குப் போனால் அதற்குப் பெயர் வேறு.

மருத்துவமனையில் ‘ஏ.ஆர்.’ என்று ஒரு விபத்துப் பதிவு போடுவார்கள். அதில் “எப்படி அடிபட்டது, எந்த வண்டி, எத்தனை மணிக்கு” என்று டியூட்டி டாக்டர் கேட்டு எழுதுவார். பதற்றத்தில் உடன் வந்தவர் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறார், அதுவே பிற்பாடு ஆவணமாகிவிடுகிறது. ஏ.ஆர்., போலீஸ் புகார், கிளைம் ஃபார்ம் மூன்றிலும் நேரம், இடம், ஓட்டியவர் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும்.

2. வண்டியை நகர்த்தும் முன் போட்டோ

பின்னால் ஹார்ன் அடித்தாலும் இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹஸார்ட் விளக்கைப் போட்டுவிட்டு எடுக்க வேண்டியவை இவை:

- இரண்டு வண்டியும் ஒரே படத்தில், நம்பர் பிளேட் தெரியும்படி
- உங்கள் காரின் நான்கு மூலைகளும், அடிபடாத பக்கம் உட்பட
- சேதத்தை ஓரடி தூரத்தில் ஒன்று, பத்தடி தூரத்தில் ஒன்று
- இடத்தை அடையாளம் காட்டும் ஏதாவது ஒன்று: கடைப் பலகை, சிக்னல், பஸ் நிறுத்தம். டோல்கேட்டிலிருந்து விம்கோ நகர் வரை டி.எச். ரோட்டில் மெட்ரோ தூண் எண்ணே போதும்
- கிலோமீட்டர் ரீடிங், கண்ணாடியில் பொறித்த சேசிஸ் எண் இருந்தால் அது
- அடிபாகத்தில் எண்ணெய் சொட்டுகிறதா என்று காட்டும் சின்ன வீடியோ

எதிர் வண்டி டிரெய்லராக இருந்தால் கவனமாக இருங்கள். கன்டெய்னர் பெட்டியின் மேல் பெரிதாக நான்கு ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் எழுதியிருக்கும். அது பெட்டியின் எண், வண்டியின் எண் அல்ல. அந்தப் பெட்டி இரண்டு நாளில் கப்பலேறிப் போய்விடும், அந்த எண்ணை வைத்துக்கொண்டு லாரிக்காரரைக் கண்டுபிடிக்க முடியாது. உங்களுக்கு வேண்டியது முன்னால் இழுக்கும் வண்டியின் பதிவெண். பின் பிளேட் சேறு படிந்தோ நசுங்கியோ இருந்தால் கேபின் கதவைப் பாருங்கள், பக்கவாட்டிலும் எண் எழுதியிருப்பார்கள். பின்னால் இழுபடும் டிரெய்லருக்குத் தனிப் பதிவெண் இருந்தால் அதையும் எடுங்கள்.

எண் கையில் கிடைத்ததும் எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பார்த்தால் அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும். டேஷ்கேம் வைத்திருப்பவர்கள் அன்றைக்கே அந்தக் கோப்பைத் தனியாக எடுத்து வையுங்கள். அது தானாகவே பழையதன் மேல் புதியதைப் பதிந்துவிடும். பக்கத்துக் கடையில் சிசிடிவி இருந்தால் அதற்கும் ஆயுள் சில நாள்தான்.

3. சாலையிலேயே பேசி முடிப்பதா?

“ஐயாயிரம் வாங்கிட்டு விட்டுடுங்க சார்” என்பார்கள். பம்பரில் கீறல் மட்டும், யாருக்கும் அடியில்லை என்றால் வாங்கிக்கொண்டு போவதில் தவறில்லை. ஆனால் பம்பருக்குப் பின்னால் என்ன உடைந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. ரேடியேட்டர் தாங்கி வளைந்திருந்தால் ஐயாயிரம் ஒரு மூலைக்கும் போதாது.

தவறு உங்கள் பக்கம் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்தின் எழுத்துபூர்வ சம்மதமில்லாமல் தவறை ஒப்புக்கொள்வதோ, பணம் தருவதாக வாக்குக் கொடுப்பதோ கூடாது என்பது மோட்டார் பாலிசியின் நிபந்தனை. யாருக்காவது காயம் என்றால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், சாலையில் பேசி முடிக்கவே கூடாது. இன்றைக்கு “ஒண்ணுமில்ல தம்பி, போங்க” என்றவர் நாளைக்கு எலும்பு முறிவு என்று வந்தால், உங்களிடம் போலீஸ் பதிவும் இருக்காது, இன்சூரன்ஸுக்குச் சொன்ன தகவலும் இருக்காது.

4. இன்சூரன்ஸுக்குத் தகவல்: அன்றைக்கே

பாலிசியில் உள்ள இலவச எண்ணிலோ நிறுவனத்தின் செயலியிலோ சொல்லுங்கள். பாலிசி எண், வண்டி எண், ஓட்டியவர் பெயர், உரிம எண், நேரம், இடம், நடந்தது என்ன, வண்டி இப்போது எங்கே இருக்கிறது, இவ்வளவுதான் கேட்பார்கள். கிளைம் எண் குறுஞ்செய்தியாக வரும் வரை தகவல் போய்ச் சேர்ந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏஜெண்டிடம் சொன்னேன், ஷோரூமில் சொன்னேன் என்பதெல்லாம் கணக்கில் வராது.

தகவல் சொன்னாலே என்சிபி (கிளைம் செய்யாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போய்விடும் என்று பயந்து பலர் தாமதிக்கிறார்கள். கிளைம் பணம் பெற்றால்தான் என்சிபி போகும். தகவல் சொல்லி, எஸ்டிமேட் பார்த்து, கட்டுப்படியாகாது என்று தோன்றினால் கிளைமை எழுத்தில் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்.

இங்கே செய்யவே கூடாத ஒன்று உண்டு. தம்பி ஓட்டினான், அவனுக்கு லைசென்ஸ் இல்லை, அதனால் அண்ணன் ஓட்டியதாகச் சொல்வது. சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் சம்பவ இடத்துக் கடைக்காரரிடம் விசாரிப்பார், சிசிடிவி கேட்பார், ஏ.ஆர். நகலைப் பார்ப்பார். பொய் என்று தெரிந்தால் பார்ட்ஸ் வாரியாகக் குறைக்க மாட்டார்கள், மொத்தக் கிளைமும் போய்விடும்.

5. போலீஸ்: எப்போது எஃப்ஐஆர், எப்போது சிஎஸ்ஆர்

உங்கள் காருக்கு மட்டும் சேதம், வேறு யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்றால் எஃப்ஐஆர் தேவையில்லை. சர்வேயர் கேட்டால் எழுத்துபூர்வமான விளக்கம் போதும். காயம், மரணம், இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி, அடுத்தவர் சொத்துக்குச் சேதம் என்றால் போலீஸ் பதிவு கட்டாயம். புகார் கொடுத்ததும் சிஎஸ்ஆர் ரசீது தருவார்கள், வழக்குப் பதிந்தால் எஃப்ஐஆர். சிஎஸ்ஆர் வெறும் மனு ஏற்பு ரசீதுதான். காயம் உள்ள கிளைமில் அதை மட்டும் வைத்துக்கொண்டு போக முடியாது. எஃப்ஐஆர் நகலைத் தமிழ்நாடு காவல்துறையின் இணைய சேவைப் பக்கத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம்.

எந்த ஸ்டேஷன் என்பதில் இங்கே ஒரு குழப்பம் உண்டு. சென்னை மாநகரக் காவல் எல்லையில் விபத்து வழக்கைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு விசாரிக்கும், சட்டம் ஒழுங்கு ஸ்டேஷன் அல்ல. எண்ணூர், மணலி, செங்குன்றம் பக்கம் ஆவடி ஆணையரகத்தின் கீழ் வருகிறது. விபத்து நடந்த இடம்தான் கணக்கு, உங்கள் வீடு இருக்கும் இடம் அல்ல.

வழக்குப் பதிவாகி வண்டி ஸ்டேஷனுக்குப் போய்விட்டால், மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் பார்த்து அறிக்கை தந்த பிறகுதான் விடுவிப்பார்கள். அதுவரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக் கூடாது. வண்டி ஸ்டேஷனில் நிற்கிறது என்பதைக் கிளைம் எண்ணோடு சேர்த்து இன்சூரன்ஸுக்குச் சொல்லுங்கள், சர்வேயரை அங்கேயே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

6. வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்

இந்த ஒரு தலைப்புக்காகவே இந்தக் கட்டுரையை நண்பர்களுக்கு அனுப்பலாம். அத்தனை பேர் இதில் பணத்தை விட்டிருக்கிறார்கள்.

லாரியிலிருந்து விழுந்த கட்டையிலோ மூடியில்லாத மேன்ஹோல் விளிம்பிலோ அடிபாகம் தட்டி எண்ணெய்த் தொட்டி விரிசல் விடுகிறது என்று வையுங்கள். அந்தத் தொட்டியின் விலை சில ஆயிரம், அது கிளைமில் வரும். ஆனால் எண்ணெய் வடிவதைக் கவனிக்காமல் வீடு வரை ஓட்டினால் என்ஜின் சீஸ் ஆகிவிடும். என்ஜின் வேலைக்கு லட்சத்தைத் தாண்டும். அது விபத்தின் நேரடிச் சேதம் அல்ல, விபத்துக்குப் பிறகு ஓட்டியதால் வந்தது என்று சர்வேயர் எழுதுவார். சாதாரண பாலிசியில் அதற்கு இடமில்லை.

மழைக் காலத்திலும் இதே கதைதான். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையிலோ புளியந்தோப்பிலோ தண்ணீரில் நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போய் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ‘என்ஜின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் பாதுகாப்பு இல்லாமல் அந்தச் செலவு உங்கள் தலையில்தான். சாவியைத் தொடாதீர்கள், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

இழுத்துப் போகும் செலவுக்கு வழக்கமான தனியார் கார் பாலிசி தருவது ரூ.1,500 வரைதான். ‘ரோடு சைடு அசிஸ்டன்ஸ்’ எடுத்திருந்தால் முதலில் அந்த எண்ணுக்குப் பேசுங்கள். தெருவில் நிற்கும் ரெக்கவரி வண்டியை அழைத்தால் ஏற்றும் முன்பே தொகையைப் பேசி, வண்டி எண் எழுதிய ரசீது வாங்குங்கள்.

7. ஒர்க்‌ஷாப்பும் காகிதங்களும்

கேஷ்லெஸ் வேண்டுமென்றால் நிறுவனத்தின் பட்டியலில் உள்ள ஒர்க்‌ஷாப்பாகப் பாருங்கள். பழகிய மெக்கானிக்கிடமும் விடலாம், ஆனால் முழுப் பணத்தையும் முதலில் நீங்கள் கட்டிவிட்டு ஜிஎஸ்டி பில் வைத்துத் திரும்ப வாங்க வேண்டும். துண்டுச் சீட்டில் எழுதித் தரும் இடமென்றால் கிளைம் நிற்காது.

கொண்டுபோக வேண்டியவை: ஆர்சி, ஓட்டியவரின் லைசென்ஸ், பாலிசி நகல், கையெழுத்திட்ட கிளைம் ஃபார்ம், பான், ஆதார், தேவைப்பட்டால் எஃப்ஐஆர் அல்லது சிஎஸ்ஆர். பணம் திரும்பப் பெறும் முறையென்றால் ரத்து செய்த காசோலையும் வேண்டும். வெற்றுக் கிளைம் ஃபார்மில் கையெழுத்துப் போட்டு ஒர்க்ஷாப் அட்வைசரிடம் கொடுக்காதீர்கள். விபத்து விவரத்தை நீங்களே உங்கள் கையால் எழுதுங்கள். “வண்டி அடிபட்டது” என்று ஒரு வரியில் முடிக்காமல், எந்தத் திசையில் போனீர்கள், எது எங்கே இடித்தது, எந்தெந்தப் பகுதி சேதம் என்று எழுதுங்கள். முன்பக்கம் இடித்ததாக எழுதிவிட்டுப் பின் கதவையும் எஸ்டிமேட்டில் சேர்த்தால் சந்தேகம் வரத்தான் செய்யும்.

காகிதத்தில் பொதுவாக இடிக்கும் இடங்கள்:

பழைய கார் வாங்கியவர்கள் ஆர்சியை மாற்றிவிட்டு இன்சூரன்ஸை மாற்றாமல் விடுகிறார்கள். 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுதி உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். காரை விற்றவர் பெயரிலேயே பாலிசி இருந்தால் ஓன் டேமேஜ் கிளைம் கிடைக்காது. காலாவதியான லைசென்ஸும் அப்படித்தான். முன்பு இருந்த 30 நாள் சலுகை 2019 சட்டத் திருத்தத்தோடு போய்விட்டது. வெள்ளை போர்டு காரை வாடகைக்கு ஓட்டியது, பாலிசியில் சேர்க்காத எல்பிஜி அல்லது சிஎன்ஜி கிட், குடித்துவிட்டு ஓட்டியது ஆகியவையும் கிளைமை வீழ்த்தும். புகைச் சான்றிதழ் இல்லை என்று யாராவது கிளைமை மறுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதை மட்டும் காரணம் காட்டி மறுக்க முடியாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-இலேயே தெளிவுபடுத்திவிட்டது.

8. சர்வேயர் வரும் நாளில் நீங்களும் இருங்கள்

ரூ.50,000-க்கு மேல் போகும் மோட்டார் கிளைமை உரிமம் பெற்ற சர்வேயர்தான் மதிப்பிட வேண்டும். அதற்குக் கீழே என்றால் நிறுவனத்து ஆளோ வீடியோ அழைப்போ போதும். சர்வேயர் நியமிக்கப்பட்டு 15 நாளுக்குள் அறிக்கை, அறிக்கை வந்த 7 நாளுக்குள் நிறுவனத்தின் முடிவு என்று 2024-இல் ஐஆர்டிஏஐ காலவரம்பு வைத்திருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொண்டு பேசினால் பதில் வேறு மாதிரி வரும்.

சர்வேயர் பார்க்கும் வரை வண்டியைப் பிரிக்க விடாதீர்கள். பார்க்கும்போது அவர் ஒவ்வொரு பார்ட்டுக்கும் மூன்று முடிவில் ஒன்றை எழுதுவார்: மாற்றலாம், டிங்கரிங் செய்யலாம், இந்த விபத்தோடு சம்பந்தமில்லை. மூன்றாவதில்தான் நம் பகுதிக்காரர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரம் நிற்கும் கார்களில் கதவின் கீழ் விளிம்பும் சக்கர வளைவும் சீக்கிரம் துருப்பிடிக்கும். அடிபட்ட இடத்தில் பெயிண்ட் உதிர்ந்து தகடு பளபளவென்று வெள்ளையாகத் தெரிந்தால் புதுச் சேதம். பழுப்பேறி, விரலால் தேய்த்தால் பொடி ஒட்டினால் பழையது என்று ஒதுக்கிவிடுவார். தகவல் சொல்லத் தாமதமாகிவிட்டால் உப்புக் காற்றில் புதுக் காயமும் பழையதாகத் தெரியத் தொடங்கும். முதல் நாள் எடுத்த போட்டோ இப்போது கைகொடுக்கும்.

வெளியே தெரியாத சேதம் பிரித்த பிறகுதான் தெரியும். அப்போது ஒர்க்‌ஷாப்காரர் ‘சப்ளிமெண்டரி எஸ்டிமேட்’ போட்டு சர்வேயரிடம் மறு ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதலுக்கு முன் மாற்றிய பார்ட்டுக்குப் பணம் வராது. கழற்றிய பழைய பார்ட்ஸை மறு ஆய்வு முடியும் வரை குப்பையில் போட விடாதீர்கள். சர்வே அறிக்கையின் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அதில் எந்த வரியில் எவ்வளவு குறைத்திருக்கிறார் என்று தெரியும்.

9. உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும்

ஜீரோ டெப் (பார்ட்ஸுக்குத் தேய்மானம் கழிக்காத கூடுதல் பாதுகாப்பு) இல்லாத பாலிசியில் தேய்மானம் இப்படிக் கழியும். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் 50%. ஃபைபர் கிளாஸ் 30%. கண்ணாடிக்குக் கழிவில்லை. உலோகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்து மாறும்: ஆறு மாதம் வரை ஒன்றுமில்லை, ஒரு வருடம் வரை 5%, இரண்டு வரை 10%, மூன்று வரை 15%, நான்கு வரை 25%, ஐந்து வரை 35%, பத்து வரை 40%, அதற்கு மேல் 50%. பெயிண்டிங் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவு என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள். இதெல்லாம் போக கட்டாயக் கழிவு 1,500 சிசி வரை ரூ.1,000, அதற்கு மேல் ரூ.2,000.

மூன்றரை வருட, 1,200 சிசி காரின் ரூ.42,000 பில்லை வைத்துப் பார்ப்போம். தொகைகள் கணக்குக்காக வைத்தவை.

- முன் பம்பர் 6,000: கிடைப்பது 3,000
- ஹெட்லைட் 7,000 (பிளாஸ்டிக்): 3,500
- ஃபெண்டர் 4,000 (உலோகம், 25% கழிவு): 3,000
- முன் கண்ணாடி 8,000: 8,000
- லேபர் 5,000: 5,000
- பெயிண்டிங் 12,000: 10,500

மொத்தம் 33,000. கட்டாயக் கழிவு 1,000 போக நிறுவனம் தருவது ரூ.32,000, நீங்கள் கட்டுவது ரூ.10,000. ஜீரோ டெப் இருந்தால் இந்தப் பத்தாயிரம் ஏறக்குறைய கட்டாயக் கழிவோடு நின்றுவிடும். ஆனால் பல பாலிசிகளில் அதற்கும் வருடத்துக்கு இத்தனை கிளைம் என்று வரம்பு உண்டு.

அடுத்த கேள்வி, கிளைம் செய்வது லாபமா? என்சிபி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும், ஒரு கிளைமில் பூஜ்யத்துக்கு இறங்கும். ஓன் டேமேஜ் பிரீமியம் ரூ.8,000, நீங்கள் 50% படியில் இருக்கிறீர்கள் என்றால் அடுத்த ஐந்து புதுப்பித்தலில் இழப்பது 4,000, 2,400, 2,000, 1,200, 400. கூட்டினால் ரூ.10,000. வண்டி மதிப்பு வருடா வருடம் இறங்குவதால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் குறையும். ஆக, கைக்கு வரும் கிளைம் தொகை பத்தாயிரத்துக்குக் கீழே இருந்தால் சொந்தக் காசில் செய்துவிடுவதே நல்லது. பம்பர் டச்சப்புக்கெல்லாம் கிளைம் போட்டுத்தருகிறோம் என்று ஒர்க்‌ஷாப்பில் ஆசை காட்டினால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பழுதுச் செலவு பாலிசியில் குறித்த காரின் காப்பீட்டு மதிப்பில் (ஐடிவி) 75 சதவீதத்தைத் தாண்டினால் ‘டோட்டல் லாஸ்’ ஆகிவிடும். கார் கடனில் இருந்தால் பணம் முதலில் வங்கிக்குப் போகும், மீதிதான் உங்களுக்கு. உடைந்த காரை நீங்களே வைத்துக்கொள்வதென்றால் அதன் மதிப்பைக் கழித்துவிட்டுத் தருவார்கள். ஸ்கிராப்புக்குக் கொடுத்தால் ஆர்சியை ரத்து செய்யாமல் கையைக் கழுவாதீர்கள்.

10. டெலிவரி எடுக்கும்போது

திருப்திச் சான்றில் கையெழுத்துப் போடும் முன் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பானட், ஃபெண்டர் இடைவெளி இரண்டு பக்கமும் சமமா, புதுப் பெயிண்ட் நிறம் பக்கத்துக் கதவோடு ஒத்துப்போகிறதா, நேர் ரோட்டில் ஸ்டீயரிங் இழுக்கிறதா, ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று கவனியுங்கள். பில்லில் மாற்றியதாகச் சொன்ன பார்ட் உண்மையிலேயே புதுசா என்று முதல் நாள் போட்டோவோடு வைத்துப் பாருங்கள்.

11. எதிராளிக்கு அடிபட்டிருந்தால்

நஷ்டஈட்டு மனு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகும். சென்னையில் அது உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சிறுவழக்கு நீதிமன்றம். 2022 ஏப்ரல் 1 முதல் மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்பது சட்டம். அடிபட்டது நீங்கள் என்றால் இந்தக் கெடு உங்களுக்கும்தான். உங்கள் பெயருக்கு சம்மன் வந்தால் வீட்டில் வைத்திருக்காமல் அன்றைக்கே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி ஏற்பு வாங்குங்கள். வழக்கை அவர்கள் நடத்துவார்கள், ஆனால் தெரிவித்தால்தான். தனியார் காரில் அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு வரம்பு ரூ.7.5 லட்சம். உயிருக்கும் காயத்துக்கும் பாலிசியில் வரம்பில்லை.

ஆர்சியில் பெயருள்ள உரிமையாளரே லைசென்ஸோடு ஓட்டி இறந்தால் ரூ.15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. பாலிசியில் அது சேர்ந்திருந்தால் வீட்டார் கேட்டு வாங்க வேண்டும், தானாக வந்து சேராது. இதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.

12. குறைத்தாலோ மறுத்தாலோ

முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், எந்த நிபந்தனை எண் என்று குறிப்பிடச் சொல்லுங்கள். பிறகு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், கூடவே ஐஆர்டிஏஐயின் ‘பீமா பரோசா’ தளத்திலும் பதியுங்கள். தொலைபேசி 155255. 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். அலுவலகம் அண்ணா சாலை, தேனாம்பேட்டையில் இருக்கிறது. ரூ.50 லட்சம் வரை விசாரிப்பார்கள், கட்டணமில்லை, வக்கீல் தேவையில்லை. மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். அதே விஷயத்தை நுகர்வோர் ஆணையத்தில் ஏற்கெனவே போட்டிருந்தால் ஆம்பட்ஸ்மேன் எடுக்க மாட்டார், ஆகவே எங்கே போவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மனுவோடு பாலிசி, கிளைம் ஃபார்ம், சர்வே அறிக்கை, மறுப்புக் கடிதம், முதல் நாள் போட்டோக்கள், நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிக் கொடுங்கள். தொலைபேசியில் பேசியதற்கு ஆதாரம் இருக்காது. அதனால் கிளைம் நடக்கும் காலம் முழுக்க, பேசி முடித்த ஒவ்வொரு முறையும் “இன்று இன்னாரிடம் இப்படிப் பேசினேன்” என்று இரண்டு வரி மின்னஞ்சலை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.